என் காலுக்குக் காயில் கட்ட வந்தவர்

கோயமுத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள், அதாவது உள்ளே செம்புக் கம்பி சுற்றுகிறவர்கள், தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். மனிதனுக்கே காயில் கட்டிவிட முடியும் என்று நம்புகிறவர், எனக்குத் தெரிந்து, இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் எதிர் வீட்டில் குடியிருப்பது என் ஜாதகக் கோளாறு.

ஊரின் கணபதி பகுதியில், எங்கள் தெருவில், அவரை எல்லோரும் வைண்டிங்காரர் என்றுதான் கூப்பிடுவோம். கருகிப்போன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, உள்ளே எரிந்துபோன செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, மறுபடி ஓட வைப்பது அவர் தொழில். நாற்பது வருடம் அதைச் செய்துவிட்டு, எழுபது வயதில் பட்டறையை மூடினார். சொந்தப் பெயர் என்ன என்பது அவருக்கே மறந்துவிட்டது. ஒரு முறை கூரியர்காரர் பார்சலை வைத்துக்கொண்டு, "ராமசாமிங்கறவரு வீடு எதுங்க?" என்று அவரிடமே கேட்க, இவர் வெகுநேரம் யோசித்து, "அப்படி யாரும் இந்தத் தெருவுல இல்லீங்களே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அது சரவணம்பட்டியில் இருக்கும் அவர் மகன் அனுப்பிய தீபாவளிச் சட்டை.

இப்படிப்பட்டவர் கையில் என் கால் சிக்கிய கதையைத்தான் சொல்ல வந்தேன்.

கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து நான் ஓய்வு பெற்ற மறு வருடம், என் பாதங்களும் தனியாக ஓய்வு பெறத் தீர்மானித்தன. முதலில் உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. குனிந்து பார்த்தால் எறும்பு இருக்காது. அப்புறம் பஞ்சு மெத்தை மேல் நடப்பது போல ஆயிற்று. ஒரு நாள் இடது செருப்பு வாசலிலேயே கழன்று விழுந்திருக்கிறது. நான் வலது செருப்போடு மட்டும் தெருமுனை வரை போய், பால் பூத்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சரி, மரத்துப்போன கால் மரத்தபடியே கிடக்கட்டும் என்றால் அதுவும் இல்லை. படுத்தால் போதும், மிளகாய்ப் பொடியைக் குழைத்துப் பூசியது போல எரியும். இதில் உள்ள அநியாயத்தைப் பாருங்கள். தொட்டால் தெரியாத கால், தொடாமலே எரிகிறது.

சர்க்கரை டாக்டரிடம் போனேன். என் மகள் வயதுள்ள பெண். "பதினஞ்சு வருஷச் சர்க்கரைங்க சார். பாதத்துல நரம்பு கெட்டிருக்கு. போன உணர்ச்சி திரும்பறது கஷ்டம். ஆனா எரிச்சலைக் குறைக்கலாம், மேற்கொண்டு கெடாம பாத்துக்கலாம்" என்றார். நான் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை நான்கு நாள் தலையைக் கிறங்க வைத்தது. ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டேன்.

"கெறங்குதுன்னா டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லோணுமுங்க. நீங்களா நிறுத்திப்போட்டா எப்படி?" என்றாள் என் மனைவி சரோஜா.

"எனக்குத் தெரியும்" என்றேன். குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும்.

சரோஜா அன்றைக்கே பால் வாங்கப் போன இடத்தில் தன் மனக்குறையைச் சொல்லியிருக்கிறாள். சொன்ன இடத்தில் வைண்டிங்காரரும் நின்றிருக்கிறார். பத்தாவது நிமிடம் எங்கள் கேட் திறந்தது.

"ஏனுங் சார், காலு எரியுதுங்களாமா?"

"கொஞ்சம்."

"ஒரு காலுங்களா, ரெண்டு காலுமுங்களா?"

"ரெண்டும்."

"நடக்கறப்பவா, சும்மா இருக்கறப்பவா?"

"படுத்தாத்தான் அதிகமா எரியுது."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஜாதகம் பொருந்திவிட்டது போல ஒரு மலர்ச்சி. "லோடே இல்லாம சூடாகுதுன்னா சந்தேகமே வேண்டாமுங்க. வைண்டிங் போயிருச்சு!"

"டாக்டர் நரம்புன்னு சொன்னாங்க."

"அதையேதானுங்க நானும் சொல்றேன். உள்ள கம்பி ஓடுது. கம்பி மேல எனாமல் பூச்சு இருக்கோணும். அது தேஞ்சுபோச்சுன்னா கரண்டு போக வேண்டிய எடத்துக்குப் போகாது, போகக்கூடாத எடத்துல ஒழுகும். போகாத எடம் மரத்துக் கெடக்குது, ஒழுகற எடம் எரியுது. அவ்வளவுதானுங்க."

மறுநாள் காலையில் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தார். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, முன்னால் இரண்டு ஒயர். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே மின்சாரம் உண்டாகி, கம்பியின் பூச்சு எங்கே பழுது என்று காட்டுமாம். ஒரு ஒயரை என் கட்டைவிரலிலும் இன்னொன்றைக் குதிகாலிலும் மாட்ட ஆரம்பித்தார். நான் இரண்டு காலையும் தூக்கி சோபாவின் மேல் வைத்துக்கொண்டேன்.

"சும்மா ஒரே ஒரு சுத்துங்க."

"வேண்டாம்."

"அரைச் சுத்து?"

சரோஜா சமையலறையிலிருந்து வந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டதால்தான் இன்றைக்கு இந்தக் கட்டுரை எழுத நான் இருக்கிறேன்.

அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, சிரிக்கட்டும் என்று டாக்டரிடம் எனாமல் கதையைச் சொன்னேன். மாத்திரையை நிறுத்தியதை மட்டும் சொல்லவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "யாரு சார் இதைச் சொன்னது? காலேஜ்ல எனக்குக்கூட இவ்வளவு தெளிவா யாரும் சொல்லித் தரல" என்றார். நான் செய்த பெரிய தப்பு, வீட்டுக்கு வந்து இதைச் சரோஜாவிடம் சொன்னது. சரோஜா செய்த தப்பு, எதிர் வீட்டில் சொன்னது. அன்று முதல் வைண்டிங்காரர் தன்னை அந்த ஆஸ்பத்திரியின் கணபதிக் கிளையாகவே நினைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் நடைப்பயிற்சி மைதானத்தில் யாரோ உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊற வைத்தால் எரிச்சல் பறந்துவிடும் என்றார்கள். ஒரு வாளி வெந்நீரோடு வாசற்படியில் உட்கார்ந்தேன். இதமாக இருந்தது. இதமாக என்றால், ஒன்றும் தெரியவில்லை. எதிர் வீட்டிலிருந்து ஆவியைப் பார்த்துவிட்டு அவர் ஓடிவந்து, முழங்கையை வாளிக்குள் விட்டு, "அய்யய்யோ!" என்று உதறிக்கொண்டு, என் இரண்டு காலையும் வெளியே இழுத்துப் போட்டார்.

"என்னங்க இது? மிதமான சூடுதான்."

"மிதமா? கொதிக்குதுங்க!"

"எனக்குத் தெரியாதா?"

அவர் வாளியைத் தூக்கி, பக்கத்தில் இருந்த செம்பருத்தித் தொட்டியில் கவிழ்த்தார். நாங்கள் இருவரும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும்போதே இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. சாயங்காலத்துக்குள் செடி செத்துப்போனது. என் கால் சிவந்திருந்தது, கொப்புளம் வரவில்லை. சரோஜா ஒரு வாரம் என்னோடும் பேசவில்லை, அவரோடும் பேசவில்லை. அவள் மூன்று வருடமாக வளர்த்த செம்பருத்தி அது.

அந்தச் செடியின் சாவுக்குப் பிறகுதான் தினசரிப் பரிசோதனை ஆரம்பமானது. பழைய ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியை ஒரு கம்பியில் கட்டிக்கொண்டு, டார்ச் லைட்டோடு, காலை ஆறரைக்கு வந்துவிடுவார். "காலைத் தூக்குங்க." உள்ளங்கால், குதிகால், ஒவ்வொரு விரலிடுக்கு. பார்த்துவிட்டு ஒரு நோட்டில் எழுதுவார். அது பட்டறை நோட்டு. எனக்கு முந்திய பக்கத்தில் 'ஐந்து எச்.பி., பேரிங் சத்தம்' என்று இருந்தது. என் பக்கத்தில் 'இடது குதிகால் வெடிப்பு, எண்ணெய் போடச் சொன்னேன், போடவில்லை' என்று இருந்தது.

"என் காலை நானே பாத்துக்க மாட்டனா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாருங்க பாக்கலாம்."

குனிந்தேன். தொப்பைதான் தெரிந்தது.

எங்கள் மகளைத் தாராபுரத்தில் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி பெரிய விவசாயி. மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, அளந்து பேசுகிற மனிதர். கல்யாணத்துக்குப் பின் முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கினார். விருந்தாளியாக ஒறம்பரை வருகிறது, இரண்டு நாள் வராதீர்கள் என்று வைண்டிங்காரரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். தலையை ஆட்டினார். காலையில் சம்பந்தியும் நானும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கண்ணாடிக் கம்பியோடு உள்ளே வந்து நின்றார்.

"காலைத் தூக்குங்க."

"இன்னிக்கு வேண்டாம்னு சொன்னேனுங்களே."

"ஒறம்பரை வந்தது உங்க காலுக்குத் தெரியுமுங்களா? தூக்குங்க."

சம்பந்திக்கு முன்னால் ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு, ஒருவர் டார்ச் அடித்து விரலிடுக்கைப் பார்க்க, நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மானம் போயிற்று, மகளின் வாழ்க்கை என்ன ஆகுமோ என்று மனம் எங்கெங்கோ ஓடியது. சம்பந்தி காபி டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைக் கனைத்தார்.

"ஏனுங்க, எனக்குங்கூட ஒரு வருசமா வலது காலு மதமதன்னுதான் இருக்குது. சித்தெ பாக்கறீங்களா?"

வைண்டிங்காரர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். சம்பந்தி அதற்குப் பிறகு போனில் என் மகளைப் பற்றி விசாரிக்கும் முன் வைண்டிங்காரரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆறு மாதம், ஒரு நாள் விடாமல், தூக்கம் தெளியாத மூஞ்சியோடு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்குத்தான் பொறுமை போகாது? சென்னிமலையில் ஒரு கல்யாணம். அதற்குப் போட்டுக்கொள்ள நல்ல தோல் செருப்பு ஒன்று வாங்கி வந்திருந்தேன். அவர் அதைக் கையில் எடுத்து, மடக்கிப் பார்த்து, உள்ளே விரலை விட்டுத் தடவி, "ஆணி அடிச்ச செருப்புங்க. உங்க காலுக்கு ஆகாது. கடையிலயே திருப்பிக் குடுத்துப்போட்டு மெத்துன்னு வேற வாங்கிட்டு வாங்க" என்றார்.

நான் கத்தினேன். வயதான காலத்தில் தெருவே கேட்கிற மாதிரி கத்தியது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. "என் காலு, என் செருப்பு! எனக்குத் தெரியும், நீங்க போங்க!"

"உங்களுக்குத் தெரியுமுங்க. உங்க காலுக்குத்தானுங்க ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்று மெதுவாகச் சொன்னார். கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. எனக்கு விடுதலை கிடைத்தது போல இருந்தது. புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு சென்னிமலைக்குப் போனோம். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு, அடுத்த நாள் முகூர்த்தம். பெட்ஷீட் வாங்க வேண்டும் என்று சரோஜா கடை கடையாக ஏறி இறங்கினாள். நானும் கூடவே நடந்தேன். எந்த வலியும் இல்லை. செருப்பு அருமையாகப் பொருந்திவிட்டது என்று அவளிடம் இரண்டு முறை பெருமையாகச் சொன்னேன்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை சரோஜா கூடத்தைத் துடைக்க வந்தவள் நின்றாள். "இதென்னுங்க செவப்பா?" மொசைக் தரையில் அடிக்கொரு சொட்டு. கல்யாண வீட்டுக் குங்குமமாக இருக்கும் என்றேன். சொட்டுகள் குளியலறையிலிருந்து கிளம்பி, வரிசையாக வந்து, என் நாற்காலியில் முடிந்தன. சரோஜா நேராகக் கேட்டுக்கு ஓடி, "வைண்டிங்காரரே!" என்று கத்தினாள்.

வாயில் பற்பசை நுரையோடு வந்தார். கண்ணாடியை எடுத்து வரவில்லை. தரையில் உட்கார்ந்து என் வலது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். அந்த மனிதர் பேசாமல் இருந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு துளை. சுற்றிலும் வீங்கிச் சிவந்து, ஓரத்தில் சீழ் கோத்திருந்தது. சரோஜா செருப்பை எடுத்து வந்தாள். உள்ளே சின்ன ஆணி ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் அதன் மேல் நான் நடந்திருக்கிறேன்.

"வலிக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லையே" என்றேன். வாழ்க்கையில் வலிக்கவில்லையே என்று பயந்தது அதுதான் முதல் முறை.

ஆட்டோவுக்குக் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. காலில் சரோஜாவின் பழைய பருத்திச் சேலையைச் சுற்றி, என்னைத் தன் மொபெட்டின் பின்னால் ஏற்றினார். அதன் ஹாரன் வேலை செய்யாது. ஊர் மோட்டாரையெல்லாம் ஓட வைத்தவர் தன் வண்டிக்கு ஹாரன் மாட்டவில்லை. வழி முழுக்க வாயாலேயே, "நவுருங்க! நவுருங்க! காலு! காலு!" என்று கத்திக்கொண்டே போனார். சிக்னலில் நின்ற பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "யாரு கால் மேலீங்க ஏத்துனேன்?" என்று பதறினார்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் சார். சர்க்கரைக் காலுல இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றார். 'நான் அன்னைக்கே சொன்னனுங்களே' என்ற வார்த்தைக்காக நான் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். அது வரவில்லை. திரும்பிப் பார்த்தால், வைண்டிங்காரர் டாக்டரின் மேசையில் இருந்த ஒரு பிளாஸ்டிக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நுனியில் மெல்லிய நைலான் இழை நீட்டிக்கொண்டிருந்தது. பாதத்தில் அதை வைத்து அழுத்தி, எங்கே உணர்ச்சி இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

"டாக்டரம்மா, இந்த எழை எத்தனை கேஜு கனமுங்க?"

டாக்டர் விளக்கினார். இவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். வெளியே எட்டு நோயாளிகள் காத்திருந்தார்கள். போகிற போக்கில், "அப்பறமுங்க, இவரு அந்த எரிச்சல் மாத்திரைய நிறுத்திப்போட்டாருங்க" என்று என்னைக் காட்டிக் கொடுத்தார்.

"ஏன் சார்?"

"கெறக்கமா இருந்துச்சு."

"சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பேனே."

படுக்கும் முன் குறைந்த அளவில் ஆரம்பித்து, மெதுவாகக் கூட்டலாம் என்று புதிதாக எழுதிக் கொடுத்தார். கண்டிப்பான சர்க்கரைக் கட்டுப்பாடு, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு, வெந்நீர் கூடாது, வெறுங்கால் கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். கடைசியைச் சொல்லும்போது, "பார்க்க வீட்ல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வைண்டிங்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஐந்து வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு மாற்ற அதே மொபெட்டில், அதே கத்தலோடு போனோம். புண் ஆறிய பிறகு இழைச் சோதனையும் வீட்டுக்கே வந்துவிட்டது. எங்கேயோ ஒரு நைலான் குச்சி வாங்கிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், தொட்டால் சொல்ல வேண்டும்.

"தொட்டீங்க" என்பேன்.

"இன்னும் தொடவே இல்லீங்க!"

"இப்ப?"

"இப்ப தொட்டு எடுத்தே போட்டேனுங்க! பரிட்சையில காப்பி அடிக்கற மாதிரி அடிக்காதீங்க சார்."

மரத்த இடம் மரத்தபடிதான் இருக்கிறது. அதில் எந்த அதிசயமும் நடக்கவில்லை. எரிச்சல்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மிளகாய்ப் பொடி மிளகுப் பொடி ஆயிற்று, அப்புறம் வெறும் கதகதப்பு. சில நாள் மறுபடி ஏறும், இறங்கும். மூன்றாவது மாதம் ஒரு நாள் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்தது. மணி எட்டே கால். ஒரு முறைகூட எழுந்திருக்காமல் நான் அப்படித் தூங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பதறிப்போய்க் கூடத்துக்கு வந்தேன். வைண்டிங்காரர் வாசற்படியில் கண்ணாடிக் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆறரைக்கே வந்துட்டாருங்க" என்றாள் சரோஜா. "எழுப்பட்டுங்களான்னு கேட்டேன். 'தூங்கறாருங்களா? நெசமாத் தூங்கறாருங்களா?'ன்னு ரெண்டு வாட்டி கேட்டுப்போட்டு, 'எழுப்பாதீங் அம்மணி'ன்னு அங்கயே உக்காந்துட்டாருங்க. காபி கூட வேண்டாமுன்னுட்டாரு, டம்ளர் சத்தம் கேக்குமாம்."

இதற்காக அவர் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். போன மாதம் பத்து நாள் மகன் வீட்டுக்குப் போனவர், காலை ஆறரைக்கு வீடியோ காலில் வந்து, போனை என் பாதத்துக்கு அடியில் பிடிக்கச் சொன்னார். "இன்னும் கீழ... விரலை விரிங்க... சாருங்க, அது உங்க மூஞ்சி, கேமராவைத் திருப்புங்க!" பின்னால் அவர் மகன் குடும்பமே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மருமகள் எனக்கு வணக்கம் வைத்தாள். உள்ளங்காலைக் காட்டிக்கொண்டே நானும் வணக்கம் வைத்தேன்.

அவர் திரும்பி வந்த அன்று காலை, வலது காலை அவர் முன்னால் ஸ்டூலில் வைத்துக்கொண்டு கேட்டேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா? எதுக்குங்க என் காலோட இப்படி மல்லுக்கட்டறீங்க?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "நாப்பது வருசமா எங்கிட்ட வந்ததெல்லாம் எரிஞ்சுபோன மோட்டாருதானுங்க. கரிஞ்ச நாத்தம் வந்த பொறகுதான் தூக்கிட்டு வருவாங்க. எரியறதுக்கு முன்னாடி என் கையில கெடச்சது நீங்க ஒருத்தர்தானுங்க சார்."

அவர் கேட்பதற்கு முன்பே இடது காலையும் தூக்கி வைத்தேன்.